நர்சம்மா வண்டி

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் போகிற தெருவில், சகாதேவன் வீட்டுக்கு அந்த வண்டி வந்து சேர்ந்தபோது சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. சின்ன வண்டிதான். ஆனால் கூரை முன்கண்ணாடியிலிருந்து டிக்கி வரைக்கும் ஒரே நீளமாக ஓடிப் பின்பக்கம் செங்குத்தாக இறங்கும். பின்சீட்டை மடக்கிவிட்டால் ஆறு மூட்டை நெல் ஏற்றலாம். மிளகாய்ப்பழச் சிவப்பு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, கதவில் சாய்ந்த எழுத்தில் 'ஸ்போர்ட்'. நிறம், மாடல், கிளட்ச் இல்லாத கியர் எல்லாமே அவன் மனைவி அருணாதேவியின் தேர்வு.

அருணாதேவி கிராம சுகாதார நர்ஸ். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஐந்து ஊர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. இருபத்திரண்டு வருடமாக அந்த ஊர்களுக்கு ஸ்கூட்டியில் போய்வந்தாள். புதன்கிழமை என்றால் தடுப்பூசி. முன்னால் ஐஸ் போட்ட ஊசிப் பெட்டி, தோளில் ரெஜிஸ்டர் பை. மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், புடவை முட்டி வரை செம்மண்ணோடு வீடு திரும்புவாள். "ரிட்டையர் ஆவறதுக்குள்ள ஒரு வாட்டியாச்சும் கண்ணாடிய ஏத்திகினு, ஏசி போட்டுகினு வேலைக்குப் போவணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தை மாதம் வண்டிக்குப் பதிவு செய்தாள். அதற்கு முன்பே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்சும் வாங்கியிருந்தாள்.

மாசியில் ஒரு புதன்கிழமை. சோமாசிபாடியில் ஸ்கூட்டியை நிறுத்தி வலது காலை ஊன்றினாள். கால் ஊன்றவில்லை. அப்படியே சாய்ந்து விழுந்தாள். முதுகுத் தண்டில் ஜவ்வு நகர்ந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார், சர்க்கரையாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். கைகால் தசைகளில் ஊசியைச் செருகி மிஷினில் பார்த்தார்கள். டாக்டர் சகாதேவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டபோது அருணாதேவி விடவில்லை.

"நானும் ஹெல்த் டிபார்ட்மென்ட்தாங்க சார். என் எதிர்க்கயே சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். கால், கை, பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. நிறுத்த மருந்து கிடையாது. சிலருக்கு நாலைந்து வருடம் ஆகும். அவளுக்கு வேகம் ஜாஸ்தியாக இருக்கிறது.

திரும்பி வருகிற பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. பிறகு சகாதேவன் கேட்டான்.

"வண்டிய வேணான்னு சொல்லிடட்டா?"

"ஏன்?"

"இல்ல... இருக்கிற நெலமைக்கு..."

"இந்த நெலமைக்குத்தாங்க வண்டி வேணும். வரட்டும்."

வந்துவிட்டது. சென்னையில் கம்பெனி வேலையிலிருந்த மகள் சிந்துஜா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்க, அருணாதேவி கற்பூரம் சுற்றினாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான் சகாதேவன். "மொதல்ல நான் குந்துவேன்" என்று அருணாதேவி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைத் தடவினாள். தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி பிரேக் மேல் வைத்தாள். அமுக்கிப் பார்த்தாள். பிரேக் இறங்கவில்லை.

"புது வண்டி இல்ல, பிரேக்கு கல்லாட்டம் இருக்குது" என்றாள்.

ஆமாம் என்றான் சகாதேவன். ஆமாம் என்றாள் சிந்துஜா.

சகாதேவனுக்குத் தொழில் போர் மோட்டார். ஐந்நூறு அடி ஆழத்தில் எரிந்துபோய்க் கிடக்கிற மோட்டாரை மேலே ஏற்றி, செப்புக்கம்பி சுற்றி, மறுபடி இறக்கித் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். தண்டராம்பட்டு முதல் அவலூர்பேட்டை வரை அவன் கை படாத போர் கம்மி. இது தேறாது, புதுசு வாங்கிக்கோ என்று எந்த விவசாயியிடமும் அவன் சொன்னதில்லை. இரண்டு நாள் மூன்று நாள் ஆனாலும் அதோடு உட்கார்ந்து எப்படியாவது ஓட விட்டுவிடுவான். பேச்சு வராது. கை வேலைதான் அவனுக்குப் பேச்சு.

வண்டி வந்த வாரமே செங்கம் ரோட்டில் ராமதாஸ் கடைக்குப் போனான். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப் போகும் டாக்சிகளுக்கெல்லாம் ராமதாஸ்தான் சீட் கவர் தைத்துக் கொடுப்பவர். சகாதேவனோடு பத்தாவது வரை ஒன்றாகப் படித்தவர்.

"வண்டி சோக்கா கீதுப்பா. இன்னா போடணும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். தடுப்பூசி ரெஜிஸ்டரில் கிழித்த தாள். அருணாதேவியின் எழுத்து. சீட் கவர், காப்பிக்கொட்டை நிறம். தரை மேட், கழுவுகிற மாதிரி. ஜன்னலுக்கு வெயில் திரை. கூரை மேல் கம்பி. ஊசிப் பெட்டி ஆடாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு பெல்ட். சென்ட் பாட்டில் வேண்டாம், குமட்டும்.

ராமதாஸ் பெல்ட் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னும் வேலைக்குப் போறாங்களா அவங்க?"

"மெடிக்கல் லீவுல கீறாங்க."

"அப்ப இத்த..."

"போடு ராமதாசு. லீவு முடிஞ்சா போவாங்க இல்ல."

ராமதாஸ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெல்ட்டை இரட்டைத் தையலாகத் தைத்துக் கொடுத்தார்.

வைகாசிக்குள் தாளில் இருந்ததெல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் அருணாதேவி ஓட்ட வேண்டுமே. காலால் முடியாது, கை நன்றாக இருக்கிறது. கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் போடுகிற கம்பி உண்டா என்று கேட்டான். மெட்ராசில் செய்கிறார்கள், ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதி வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் ராமதாஸ். மாதக்கணக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் சகாதேவன் எழுந்து வந்துவிட்டான். போர் பைப் கிளாம்ப், ஒரு எஃகுக் கம்பி, இரண்டு பேரிங். பதினொரு நாளில் அவனே செய்தான். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஓட்டம். வீட்டு வாசலில் வைத்து நூறு தரம் தள்ளிப் பார்த்தான்.

"ரோட்டுல ஓட்டக் கூடாது" என்றாள் அருணாதேவி. "யாருக்காச்சும் அடிபட்டா அந்தப் பாவம் வேற."

அவலூர்பேட்டை ரோட்டில் மனை பிரித்து விற்காமல் கிடந்த இடம் ஒன்று இருந்தது. உள்ளே ரோடெல்லாம் போட்டாயிற்று. வீடு ஒன்றுகூட வரவில்லை. கல் நட்ட மனைகளில் வேலிகாத்தான் முள்ளுச்செடி முளைத்திருந்தது. ஆனி மாதத்து விடியலில், மலை உச்சியில் மேகம் படிந்து கிடக்க, அங்கே கொண்டுபோனான். பக்கத்து சீட்டில் ஹேண்ட் பிரேக் மேல் கை வைத்து உட்கார்ந்தான். பின்னால் சிந்துஜா.

அருணாதேவி கம்பியைத் தன் பக்கம் இழுத்தாள். வண்டி நகர்ந்தது.

"மெதுவா."

"மெதுவாத்தாங்க போவுது. நீங்க கைய எடுங்க, வெக்கமா இருக்குது."

அவன் கையை எடுத்தான். வண்டி முதல் தெருவைத் தாண்டியது, திரும்பியது, இரண்டாவது தெருவில் போனது. இருபதுக்கு மேல் போகவில்லை.

"கண்ணாடிய ஏத்துங்க. ஏசி போடுங்க."

"காலங்காத்தால குளிருது அருணா."

"குளிரட்டும். போடுங்க."

குறுக்கே ஆட்டு மந்தை வந்தது, பின்னால் அதை மேய்க்கிற பெண். கம்பியைத் தள்ளி நிறுத்தினாள். "ஓரம் போ, ஓரம் போ, நர்சம்மா வர்றா தெரியல?" என்று மூடிய கண்ணாடிக்கு உள்ளிருந்து ஆடுகளை அதட்டினாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். சிந்துஜாவும் சிரித்தாள். சகாதேவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏழு நாள் ஓட்டினாள். ஓட்டி முடித்து வந்து, புளியமரத்தடி தள்ளுவண்டியில் மூன்று பேரும் வண்டிக்குள்ளேயே இட்லி வாங்கி நாஷ்டா பண்ணுவார்கள். எட்டாவது நாள் திருப்பத்தில் கம்பி கையிலிருந்து நழுவியது. வண்டி ஒரு மனைக்கல்லை உரசி நின்றது. அவள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட மறுத்தது.

"இன்னிக்கி போதுங்க."

அன்று சாயங்காலமே கம்பியின் பிடியில் ரப்பர் சுற்றிப் பருமனாக்கினான். அதுவும் உதவவில்லை. கையைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட ஒட்டுப்பட்டை வாங்கிவந்தான். அருணாதேவி மாட்டேன் என்றுவிட்டாள்.

"கையக் கட்டிகினு ஓட்டறது ஓட்டறதில்லீங்க. அந்த ஆடு மேய்க்கிற பொம்பள குறுக்க வந்தா கட்ட அவுத்துகினா நிறுத்துவேன்?"

அதற்கப்புறம் அவள் டிரைவர் சீட்டில் ஏறவில்லை.

சகாதேவன் அடுத்ததாகப் பக்கத்து சீட்டில் வேலையை ஆரம்பித்தான். அவளை ஏற்றி இறக்க, சீட் வாசல் பக்கம் திரும்புகிற மாதிரி அடியில் ஒரு வட்டத் தட்டு வைத்தான். தூக்கிப் பிடிக்கக் கூரையில் கைப்பிடி. கால் தொங்காமல் இருக்கப் பலகை. நெஞ்சுக்குக் குறுக்கே அகலப் பட்டை. முகத்துக்கு நேராகச் சின்ன ஃபேன். வேலை முடிந்து வந்தால் கைகால் கழுவி, டீயைக் குடித்துவிட்டு வண்டி நிற்கிற ஷெட்டுக்குப் போய்விடுவான். பௌர்ணமியில் கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டையெல்லாம் அடைத்துவிட்டால் வேலைக்கும் போக முடியாது. அன்றைக்குப் பகல் முழுக்க ஷெட்தான். முன்ரூமில் கட்டிலில் படுத்திருந்த அருணாதேவிக்குச் சுத்தியல் சத்தமும் டிரில் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"அப்பா, அம்மா கூப்புடறாங்க."

"அஞ்சி நிமிஷம்மா. இந்த நட்டு ஒண்ணுதான்."

ஆடி போய் ஆவணி வந்தது. அவளுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. ர, ல வராது. சோற்றைக் குழைத்துக் கொடுத்தாலும் புரையேறியது. ஒரு சாயங்காலம் அவன் சீட்டின் தலைப்பக்கம் இரண்டு காது மாதிரி எதையோ பொருத்திக்கொண்டிருந்தபோது, சிந்துஜா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். அருணாதேவி நாற்காலியில் ஒரு பக்கம் சரிந்திருந்தாள்.

"இது இன்னா?"

"தலைக்கு. ரெண்டு பக்கமும் புடிச்சுக்கும். வளைவுல ஆடாது."

"எந்த வளைவுல?"

அவன் ஸ்பானரால் நட்டை இன்னொரு சுற்று இறுக்கினான்.

"வண்டி வந்து அஞ்சி மாசம் ஆவுது. அந்த மனை எடத்தையும் ஆஸ்பத்திரியையும் தவிர எங்கங்க இட்டுகினு போனீங்க?"

"எல்லாம் சரியா செட் ஆவட்டும்னுதான்..."

"ஆவாதுங்க." நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "நீங்க ஒண்ணு மாட்டறதுக்குள்ள எனக்கு ஒண்ணு போயிடுது. கால் போச்சு, கைக்கு மாட்டினீங்க. கை போச்சு, கழுத்துக்கு மாட்டறீங்க. இப்ப வாய் போவுது. வாய்க்கு ராமதாஸ் கடையில இன்னாங்க விக்குது?"

சிந்துஜா நாற்காலியின் பிடியை விட்டுவிட்டுத் தெருப்பக்கம் போய் நின்றாள்.

"நான் உள்ள படுத்துகினு கீறேன். நீங்க இங்க வண்டியோட குந்திகினு கீறீங்க. என்னப் பாக்க பயமா இருக்குது உங்களுக்கு. வண்டின்னா பயமில்ல."

சகாதேவன் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான். அதைத் துணியால் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"எனக்கு வேற இன்னா பண்ணத் தெரியும் அருணா? சொல்லு. வேற இன்னா தெரியும் எனக்கு?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. பக்கத்துல குந்துங்க."

ஷெட் தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தான். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. முட்டி மேல் வைத்தான், எடுத்தான், தரையில் ஊன்றினான். கிரீஸ் நாறுகிற கை. "இங்க வைங்க" என்று கண்ணால் தன் மடியைக் காட்டினாள். வைத்தான். அவன் தோள் குலுங்கியது. அவன் தலையைத் தடவிக் கொடுக்கப் பார்த்தாள். கை மடியிலிருந்து இரண்டு விரற்கடைதான் எழும்பியது.

எங்கே போக வேண்டும் என்று கேட்டான்.

"என் ஊருங்களுக்கு."

மறுவாரமே போயிருக்கலாம். சளி நெஞ்சில் இறங்கி இருபது நாள் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய் போட்டு அனுப்பினார்கள். வேளைக்கு வேளை சிந்துஜா அதில் கஞ்சித் தண்ணீரும் பாலும் விடுவாள். பேச்சு வெறும் சத்தமாகிவிட்டது. சிந்துஜாவுக்கு மட்டும் முக்கால்வாசி புரியும். அம்மா ஏதாவது சொன்னால், சகாதேவன் மகள் முகத்தைப் பார்ப்பான். மகள் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் "ம், சரி, சரி" என்று தலையாட்டிவிடுவான். அவன் தலையாட்டினால் அருணாதேவி கண்ணை மூடிக்கொள்வாள்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு புதன்கிழமை புறப்பட்டார்கள். அவளைத் தூக்கி உட்காரவைத்துப் பட்டைகளை மாட்டினான். சிந்துஜா பின்னால் மருந்துப் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மல்லாட்டைச் செடியைக் கடலையோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மண் வாசனை காருக்குள் வந்தது. கண்ணாடியை இறக்கியே வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினாள்.

சோமாசிபாடியில் துணை சுகாதார நிலையத்து வாசலில் குழந்தைகளோடு தாய்மார்கள் நின்றிருந்தார்கள். உள்ளே புதிதாக வந்த நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சகாதேவன் சிவப்பு வண்டியை எதிர்ப்புறம் நிறுத்தினான். யாரோ கார்க்காரர்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நிலத்தில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், கை மண்ணைத் தட்டிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, நம்ம நர்சம்மா! ஏம்மா, நர்சம்மா வந்துகிறாங்க!"

அவள் பெயர் தங்கம்மாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அருணாதேவியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மூக்குக் குழாயைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சகாதேவனிடம் திரும்பினாள்.

"நீங்கதான் வூட்டுக்காரரா? உங்களுக்குத் தெரியுமா சாமி, எம் பொண்ணு பொழச்சது இவங்களாலதான். பன்னெண்டு வருசம் இருக்கும். ஏரி ஒடைஞ்ச வருசம். ரோட்டு மேல இடுப்பளவு தண்ணி. ஆம்புலன்சு அந்தாண்டையே நின்னுடுச்சு. பொண்ணு வலியில துடிக்குது, கொழந்த காலு முன்னால வருது. இவங்க பைய தலை மேல வச்சிகினு தண்ணியில எறங்கி வந்தாங்க. 'வராதம்மா, இஸ்துகினு பூடும்'னு கரையில இருந்து கத்தறோம். வந்தாங்க. ஆறு மணி நேரம். கொழந்த அழலன்னதும் வாய வச்சி ஊதி ஊதி அழ வச்சாங்க. அந்தப் பையன் இப்ப ஏழாவது படிக்கிறான் சாமி."

சகாதேவனுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ஈரப் புடவையோடு அருணாதேவி வாசலில் வந்து நின்றாள். இவ்வளவு நேரமா, ஒரு ஃபோன் பண்ணத் தெரியாதா, பொண்ணு பசியில கெடக்குது என்று கத்தினான். அவள் பதில் பேசாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். எங்கே போயிருந்தாய் என்று அன்றும் அவன் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை.

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். இது நீங்க ஊசி போட்ட பிள்ளை, இது நீங்க பேர் வெச்ச பிள்ளை என்று ஒவ்வொன்றாக ஜன்னலில் தூக்கிக் காட்டினார்கள். புது நர்சும் வெளியே வந்து கும்பிட்டாள். அருணாதேவியால் முகத்தை அசைக்க முடியவில்லை. கண்கள் ஒவ்வொரு குழந்தையாகப் போய்ப் போய் நின்றன. தங்கம்மாள் ஓடிப்போய் அவித்த மல்லாட்டை ஒரு கூடை கொண்டுவந்தாள்.

"அம்மாவால சாப்பிட முடியாதுங்க" என்றாள் சிந்துஜா.

"தெரியுதும்மா. மடியில இருக்கட்டும். சூடா கீது, கைக்கு நல்லாருக்கும்."

மற்ற நாலு ஊருக்கும் போனார்கள். திரும்பும்போது சோமாசிபாடி ஏரிக்கரையில் வண்டி வந்துகொண்டிருந்தது. ஏரி நிரம்பித் தளும்பியது. அருணாதேவி ஏதோ சத்தம் கொடுத்தாள்.

"ம், சரி" என்றான் சகாதேவன்.

மறுபடி சத்தம் கொடுத்தாள். அவன் தலையாட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போய், கரை ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

"எனக்குப் புரியல அருணா. இத்தினி நாளும் புரியாமதான் தலையாட்டிகினு இருந்தேன். திரும்பச் சொல்லு."

கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சத்தம் கொடுத்தாள். பின்னாலிருந்து சிந்துஜா, "அப்பா, அம்மா இன்னா சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதம்மா. அவ சொல்லட்டும்."

பட்டை இறுக்குகிறதா என்று கேட்டான். கண்ணாலேயே பதில் சொன்னாள். இல்லை. கழுத்து வலிக்கிறதா? சீட்டைச் சாய்க்கட்டுமா? வெயில் அடிக்கிறதா, திரையை இழுக்கட்டுமா? இல்லை, இல்லை, இல்லை. இன்ஜினை அணைத்தான். ஃபேனை அணைத்தான். ஏரியில் அலை கரைக்கல்லில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள். நான்காவது தரம் ஒரு 'சா' கேட்டது. ஐந்தாவது தரம் கேள்வியாக முடிவது தெரிந்தது. ஆறாவது தரம் முழுசாகக் கேட்டது.

சாப்ட்டீங்களா.

மணி மூன்றேகால். காலையில் குடித்த டீயோடு வந்தவன்.

அதற்கப்புறம் அருணாதேவி பத்தொன்பது நாள் இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் சகாதேவன் எந்தப் போர் மோட்டார் வேலைக்கும் போகவில்லை, ஷெட்டுப் பக்கமும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் சொல்கிற ஒவ்வொன்றையும் புரிகிறவரைக்கும் கேட்டான். ஆனால் அது பிறகு நடந்தது.

அன்றைக்கு ஏரிக்கரையில் அவன், "இன்னும் இல்ல அருணா" என்றான். சிந்துஜா பின்னாலிருந்து டப்பாவை நீட்டினாள். புளிச்சோறு, ஓரத்தில் இரண்டு வற்றல். அருணாதேவி நேராகப் பார்க்கிற மாதிரி இறங்கி வந்து கதவைத் திறந்து, அவள் சீட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கை கழுவி, முதல் பிடியை எடுத்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்து இறக்கினான். அடுத்த பிடியை எடுத்தான். அவள் பார்வை நகரவில்லை. மிச்சம் வைக்காமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, காலி டப்பாவைச் சாய்த்து அவளுக்குக் காட்டினான்.